முந்திரிகைப் பந்தலில் தொங்கிய பாட்டுகள்

வெள்ளிக்கிழமை வந்த நேர்ஸ் நல்ல மனுஷி. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என் மகனுடைய அறையில் கதிரை இருந்தும் நிலத்தில் இருந்தார். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவனின் முதுகோடு இங்கிலிஸில் நெடுநேரம் கதைத்தார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குசினிக்கு வந்து, என்னை இருக்கச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, மேசையில் தன் போனை வைத்தார். மொழிபெயர்க்கிற பெண் அந்தப் போனுக்குள் இருந்தாள். இந்தியாக்காரி. இளவயதுக் குரல்.

"வணக்கம்மா. உங்க பையன் உங்ககிட்டயாவது பேசுறாரா?"

"இல்லை."

"எவ்வளவு நாளா?"

"குளிர் துவங்கின நேரம் தொட்டு."

"சாப்பாடு?"

"தேத்தண்ணி குடிப்பான். சோறு வைச்சது வைச்சபடி கிடக்கும்."

அவள் அதை இங்கிலிஸில் சொன்னாள். நேர்ஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏதோ சொன்னார். அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"திங்கக்கிழமை டாக்டரோட வருவாங்களாம். அதுக்குள்ள அவர் கொஞ்சம் சாப்பிட்டு, வாயத் திறந்து பேசினார்னா வீட்டுலயே வச்சுப் பாக்கலாமாம். இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்மா. அவர் வரமாட்டேன்னாலும்."

நான் தலையாட்டினேன்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

போனுக்குத் தலையாட்டினால் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. "ஓம்" என்றேன்.

"பயப்படாதீங்கம்மா. அவர் நல்லதுக்குத்தான்."

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நல்லதுக்குத்தான், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லிக் கதவில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் சண்டைக்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் அப்படி வாகனத்தில் ஏறின பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் குறைவு. இவனை அந்த வாகனங்களின் கண்ணில் படாமல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததுதான் என் சீவியத்தில் நான் செய்த ஒரே பெரிய வேலை. இது வேறு நாடு, இந்த நேர்ஸ் வேறு ஆள், எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன, என் கண் வாசல் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. நியூ லின் பக்கம் வீடு. கல்யாணம் முறிந்தது. யாருடைய பிழை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற துணிவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பிறகு வேலையும் போனது. இலையுதிர்கிற காலத்தில் இரண்டு பையோடு வந்து வாசலில் நின்றான். "கொஞ்ச நாளைக்கு அம்மா" என்றான். முதலில் கதைத்தான். பிறகு கேட்டதற்குப் பதில் மட்டும். பிறகு தலையாட்டல். பிறகு அதுவும் இல்லை. மழைக்காலத்தில் பகல் சுருங்குவது போல அவன் சுருங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நேர்ஸ் போனபிறகு மகளுக்கு அடித்தேன். அவள் மெல்பேர்னில் இருக்கிறாள். அழுதாள். விமானம் எடுத்து வர புதன்கிழமை ஆகும் என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, அவன்ரை பழைய பாட்டுகளைப் போட்டுப் பாருங்கோவன். ஏதேனும் ஒண்டு அவனை எழுப்பக்கூடும்."

"எந்தப் பாட்டு?"

"அதுதான், அந்த அழுகுணி இங்கிலாந்துப் பெடியள்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பாட்டுகளை இந்த வீட்டில் என்னைவிடக் கூடக் கேட்டவர்கள் இல்லை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது த்ரீ கிங்ஸ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. கணவர் பின்னேரம் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். மகள் கதவைச் சாத்திவிட்டுப் படிப்பாள். மிச்சமிருந்த முன் அறையில் என் தையல் மெஷினும் மகனும். ஒரு தொழிற்சாலைக்குப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். துணி மூட்டையாக வரும், சட்டை மூட்டையாகப் போகும். மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, நிலத்தில் குப்புறப் படுத்து வீட்டுவேலை செய்வான். நானும் கதைக்கமாட்டேன், அவனும் கதைக்கமாட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பழைய பாட்டுப்பெட்டி கதைத்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு. அவனுடைய வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றதாம். இங்கிலாந்தில் இந்தக் கிற்றார்க் கூட்டம் திறமோ, அந்தக் கிற்றார்க் கூட்டம் திறமோ என்று அடிபடாத குறை. இதை அவன் சொல்லவில்லை, மகள்தான் சொன்னாள். புதிதாக வந்த கறுத்தப் பெடியன், இங்கிலிஸ் நாக்கில் தடக்குகிறவன், ஏதோ ஒரு பக்கம் சேர்ந்து நிற்க இடம் கிடைத்ததென்றால் அது அந்தப் பாட்டுகளால்தான். அதனால் அவை எப்படி இருந்தாலும் எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதை.

எப்படி இருந்தன என்று கேட்டால், எல்லாம் கலந்துதான் இருந்தன. எல்லாருக்கும் கிற்றார். எல்லாருக்கும் நெற்றியில் விழுகிற மயிர். எல்லாருடைய முகத்திலும் காலைத் தேத்தண்ணி கிடைக்காத மாதிரி ஒரு கோபம். சொல் ஒன்றும் எனக்கு விளங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். குரலையும் மேளத்தையும் வைத்துத்தான் ஆளை எடைபோட்டேன். பேரும் தெரியாது. சீடி உறையில் இருக்கிற படம்தான் எனக்குப் பேர்.

பஸ் தரிப்பில் நாலு பேர் நிற்கிற படம் ஒன்று. அவர்கள் சத்தக்காரர். பாடுகிறவன் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் விடமாட்டேன் என்று பிடித்து இழுப்பான். கர்வம் பிடித்த குரல், உலகம் தன்னுடைய கொல்லைப்புறம் என்று நினைக்கிற குரல். ஆனால் மேளம் நேர். என் கால்மிதியும் அந்த மேளமும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் சட்டையின் பக்கத் தையல் பாட்டு முடியமுதல் முடிந்துவிடும். அவர்கள் வந்தால் நான் மெஷினை விளாசி ஓட்டுவேன். முதுகு நோகாது. எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும்.

இன்னொரு கூட்டம் நக்கல்காரர். அடுத்த வீட்டு யன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அங்கே கண்டதைப் பாட்டாகச் சொல்லுகிற குரல். கெட்டித்தனம் இருந்தது, ஆனால் எனக்குக் கூச்சமாக இருக்கும். என்னையும் எட்டிப் பார்ப்பான் போல.

மூன்றாவதுதான் கொடியில் வெள்ளைச் சட்டை ஒன்று காய்கிற படம். மகன் ஆகக்கூடப் போட்டது அதைத்தான். காய்ச்சலில் கிடக்கிறவன் தண்ணி கேட்கிற மாதிரி ஒரு குரல். மேளமும் இருக்கிறதோ இல்லையோ என்று இருக்கும். என் மெஷின் ஓடினால் அந்தக் குரல் செத்துப்போகும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சட்டை முன்பக்கத்தில் கையால் தெறி தைப்பேன், பிழைத்த தையலைப் பிரிப்பேன். எப்போது முடியும் என்று இருக்கும். சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை நிறுத்து என்று எப்படிச் சொல்வது?

கணவர் வேலையில்லாத நாளில் கேட்டால் வாசலில் நின்று சொல்லுவார்:

"குழை போடாமல் கட்டிவிட்ட ஆடு மாதிரிக் கத்துறான். ஆராவது அவனுக்கு ஏதேனும் தின்னக் குடுங்கோவன்."

மகள் அறைக்குள்ளிருந்து கத்துவாள்: "எல்லாம் ஒரே பாட்டு அப்பா! மழை பெய்யுது, பஸ் வரேல்லை, கேர்ல்ஃபிரண்ட் விட்டிட்டுப் போட்டாள்!"

மகன் சிரிக்கமாட்டான். சத்தத்தை ஒரு துளி கூட்டுவான்.

அந்தக் காலம் போனது. கல்யாணம் கட்டி வீடு மாறும்போது சீடிப் பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். "பாதி குப்பை அம்மா. மற்றப் பாதியை இப்ப கேட்டால் எனக்கே வெக்கமாய் இருக்கும்" என்றான். நானும் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

கட்டிலுக்குக் கீழே இருந்ததைக் கண்டுபிடித்தவர் கணவர். இந்த வீட்டை வாங்கியபோது வளவில் திராட்சைக் கொடி நட்டு, எங்கள் சொல்லில் முந்திரிகை, அதற்கு இரும்புக் குழாயில் பந்தலும் போட்டார். பழம் பழுக்கிற நேரம் மைனாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டி, பழைய சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டால் மினுக்கத்துக்குப் பயந்து பறவை வராது என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்குப் பின்னேரமே இங்கிலாந்துப் பெடியள் எல்லாரும் மீன்பிடிக்கிற நூலில் பந்தலெல்லாம் தொங்கினார்கள். உறைகள் குப்பைத் தொட்டிக்குப் போயின. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மகனும் ஒரு பொங்கலுக்கு வந்தபோது பார்த்துவிட்டுச் சிரித்தான் என்றுதான் நினைவு.

மகளோடு கதைத்த மறுநாள், சனிக்கிழமை, மழை விட்ட நேரம் பார்த்து ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். குளிர்காலத்தில் கொடியில் ஒரு இலை இல்லை. வெறும் கொப்புகளுக்கு நடுவில் தட்டுகள் ஈரத்தோடு சுழன்றுகொண்டிருந்தன. கணவர் யன்னலால் கண்டுவிட்டு வெளியே வந்தார்.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?"

"கழட்டுறன்."

"ஏன்?"

"பிள்ளைக்குப் போட்டுக் காட்ட."

"அப்ப பழம் வாற நேரம் மைனாவுக்கு ஆர் காவல்? நீரோ நிக்கப்போறீர்?"

"இப்ப என்னத்தைத் தின்னப்போகுது மைனா? கொப்பையோ?"

"அந்தப் பாட்டுக்காரர் தங்கடை சீவியத்திலை செய்த ஒரே நல்ல வேலை எங்கடை முந்திரிகையைக் காத்ததுதான். அதையும் கெடுக்கிறீர்."

சொல்லிக்கொண்டே ஏணியைப் பிடித்தார். நான் இறங்கி முடியும்வரை கையை எடுக்கவில்லை. பயம் வந்தால் அவர் நக்கலடிப்பார், நான் வாயை மூடுவேன். இப்படியே ஐம்பது வருஷத்துக்குக் கிட்டச் சேர்ந்து இருந்துவிட்டோம்.

தட்டுகளைக் குசினித் தொட்டியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பாசியும் பறவை எச்சமும். தேய்க்கத் தேய்க்கச் சிலவற்றில் வெள்ளித் தோல் மீன்செதில் மாதிரிக் கையோடு வந்தது. துடைத்து யன்னலுக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தது. எழுத்தெல்லாம் வெயிலில் அழிந்துவிட்டது. எது பஸ் தரிப்பு, எது வெள்ளைச் சட்டை என்று பார்த்தால் தெரியாது.

வீட்டில் சீடி போடுகிற பெட்டியும் இல்லை. மகளைக் கேட்டேன்.

"போனிலை எல்லாப் பாட்டும் இருக்கு அம்மா. பேரைச் சொல்லுங்கோ, அனுப்பிறன்."

"பேர் தெரியாது. கொடியிலை ஒரு வெள்ளைச் சட்டை காயும்."

"ஐயோ அம்மா. அப்பிடித் தேடினால் உடுப்புக் காயப்போடுற கொடிதான் வரும். எந்தக் கடையிலை எவ்வளவு எண்டும் சொல்லும்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

பெட்டி இருந்த ஒரே இடம் கராஜுக்குள் நின்ற கார். கணவருக்குக் கண் மங்கி லைசன்ஸ் போனபிறகு மகன்தான் இடைக்கிடை அதை ஸ்டார்ட் பண்ணி வைப்பான். அவன் படுத்த பிறகு ஒருவரும் தொடவில்லை. கராஜ் சுவருக்கு மற்றப் பக்கம் அவனுடைய அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரிடம் கார்த் திறப்பைக் கேட்டேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார். பிறகு திறப்பைக் கையில் வைத்து, என் விரலைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். "இவ்வளவுதான் சுத்த வேணும். அங்காலை சுத்தினீரோ, காரோடை சுவரை உடைச்சுக்கொண்டு அவன்ரை கட்டிலிலை போய் நிப்பீர்."

ஓட்டுகிறவர் இருக்கிற கதிரையில் நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் இருந்தேன். கால் எட்டவில்லை. யன்னல் கண்ணாடிகளை இறக்கினேன். முதல் தட்டைப் போட்டேன். உள்ளே ஏதோ கரகரத்துவிட்டு வெளியே துப்பியது. அடுத்ததும் அப்படித்தான். இன்னொன்று ஒரே சொல்லைத் திக்கித் திக்கிச் சொன்னது. மடியில் தட்டுகள் குறைந்துகொண்டே போயின. நாளைக்கு வாகனம் வந்துவிடும். நான் ஏதோ மடைச்சி மாதிரி இருட்டுக் கராஜுக்குள் இருந்து தட்டு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடவுளே, ஒன்று, ஒன்றாவது பாடட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஒன்று பாடியது. பஸ் தரிப்புக்காரர். சத்தம் கராஜ் தகரத்தில் மோதியது. என் கால் தானாகத் தட்டத் தொடங்கியது. ஆனால் பழைய மாதிரி இல்லை. அந்தக் கர்வக் குரல் இப்போது எனக்குச் சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது. இருபது வயதுப் பெடியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்கு ஒன்றும் நடக்காது என்று சத்தியம் பண்ணுகிறான். என் மகனும் அந்தச் சத்தியத்தை நிலத்தில் படுத்திருந்து கேட்டவன்தானே? அதை நம்பினவன்தானே? கேட்கப் பொறுக்கவில்லை. இது அவனுக்கு அவ்வளவு பிடித்ததும் இல்லை, எப்போதும் பாதியில் மாற்றிவிடுவான் என்று நினைத்து வெளியே எடுத்தேன்.

கடைசியில் இருந்த தட்டில் அந்தக் காய்ச்சல் குரல் வந்தது. பந்தல் தாழ்வாரத்தைத் தொடுகிற இடத்தில் வெயில் படாமல் தொங்கினதாக்கும், ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. எனக்கு உயிர் வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். எப்போது முடியும் என்ற அதே பழைய நினைப்பு. பரவாயில்லை. முடிய முடியத் திரும்பப் போட்டேன். கதவைப் பார்த்தபடி இருந்தேன். பற்றரி இறங்கி டாஷ்போர்ட் வெளிச்சம் மங்கி வந்தது. குரலும் விட்டு விட்டு வந்தது. இவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன்.

மற்றப் பக்கக் கதவு திறந்தது. அவன்தான். வெறுங்கால், போர்வையோடு. பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்தான். அவனுடைய மணம் காருக்குள் நிறைந்தது, குளிக்காத, நோயாளி மணம்.

"அம்மா" என்றான். குரல் துருப்பிடித்துக் கிடந்தது. "உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோ."

எதை அழுத்துவது என்று கை தடுமாறியது. அவனே நிப்பாட்டினான்.

"ஏன் மோனே, உனக்கு ஆக விருப்பமான பாட்டெல்லோ?"

"எனக்கோ?" என்னைத் திரும்பிப் பார்த்தான். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த முகம். "எனக்கு இவங்களைக் கண்ணிலையும் காட்டக்கூடாது. அப்பவும்தான்."

"அப்ப ஏன் நெடுகப் போட்டனி?"

"நீங்கள்தானே மெஷினை நிப்பாட்டிப்போட்டுக் கேப்பியள். அம்மாவுக்கு இது ஒண்டுதான் பிடிச்சிருக்கு எண்டு நினைச்சன்."

"நான் உனக்குக் கேக்கட்டும் எண்டு நிப்பாட்டினது."

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தான். அதற்கு அங்கால் கராஜ் சுவர்தான்.

"அப்ப மற்றவங்கள்? சத்தக்காரர்?" என்று கேட்டேன்.

"அவங்களைப் போட்டால் நீங்கள் மெஷினைப் போட்டு அடிப்பியள். கோவம் எண்டு நினைச்சு மாத்திப்போடுவன்."

"ஐயோ மோனே. அதுக்குத்தான் எனக்குத் தையல் ஓடும். அவங்களைத்தான் எனக்குப் பிடிக்கும்."

"எனக்கும் அவங்கள்தான்."

அவனுடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று எனக்கு இப்போதும் தெரியாது. எத்தனை பின்னேரங்கள். ஒரே அறைக்குள் இரண்டு பேரும் மற்றவருக்காக ஒரு நோய்க் குரலைச் சகித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

எனக்கு அவசரம் வந்துவிட்டது. கதைத்துவிட்டானே, இனி விடக்கூடாது என்று அவனுடைய கையைப் பிடித்தேன். "மோனே, நாளைக்கு அவை வரேக்கை இப்பிடி ரெண்டு கதை கதைச்சால் காணும். இப்ப கொஞ்சம் சோறு தின். உன்னைக் கொண்டுபோக மாட்டினம். அந்தப் போன் பிள்ளை சொன்னவள். நான் பாக்கிறன் உன்னை. நான் பாப்பன்."

"தின்னுறன் அம்மா" என்றான். கையை இழுக்கவில்லை. "ஆனால் நான் போகவேணும்."

"எங்கை?"

"அவையோடை. இஞ்சை இப்பிடியே கிடந்தால் நான் எனக்கு என்ன செய்வன் எண்டு எனக்குத் தெரியேல்லை. பயமாய்க் கிடக்கு." மூச்சு எடுத்தான். "நீங்கள் போகவேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நீங்கள் சொன்னால் நான் நிண்டுவிடுவன். சும்மா பேசாமல் நிண்டாலும், வேண்டாம் எண்டுதான் நினைக்கிறியள் எண்டு நினைச்சு நிண்டுவிடுவன்."

அவனை எப்படியாவது வாய் திறக்க வைத்தால் வீட்டில் வைத்திருக்கலாம் என்று நான் கிடந்து உலைந்தேன். வாய் திறந்தான். திறந்து சொன்னது இதை.

அன்றைக்குச் சொதியும் சோறும் குழைத்துக் கொடுத்தேன். நாலைந்து கரண்டி தின்றான். கணவர் கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டு, "உப்புக் காணுமோ தம்பி?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அந்த மனுஷனுக்கும் தெரியவில்லை. "காணும் அப்பா" என்றான். கணவர் திரும்பிப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் உள்ளே நின்றார்.

திங்கட்கிழமை நேர்ஸும் ஒரு டாக்டரும் வந்தார்கள். டாக்டர் இளம் பெண். மகன் கதிரையில் இருந்து கதைத்தான். நிறுத்தி நிறுத்தி, ஆனால் கதைத்தான். நான் குசினிக்கும் முன் அறைக்கும் நடுவில் நின்றேன். மேசையில் இருந்த போனுக்குள் அதே பிள்ளை.

"அம்மா, நல்ல செய்திம்மா. பேசுறாரு, சாப்பிட்டிருக்காரு. அதனால கட்டாயம்னு ஒண்ணும் இல்லையாம். அவரே வர்றேன்னு சொல்றாராம். வீட்டுல இருக்கணும்னாலும் இருக்கலாமாம், தினம் வந்து பாப்பாங்களாம். அவர் உங்களக் கேக்கச் சொல்றாரு. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவனும் பார்த்தான். தாடி வளர்ந்த முகம், கண் உள்ளே போய், பதின்மூன்று வயதில் நிலத்தில் குப்புறக் கிடந்து என்னை நிமிர்ந்து பார்ப்பானே, அந்தப் பார்வை. "இருக்கட்டும், வீட்டிலை நான் பாக்கிறன்" என்ற சொல் தொண்டைக்குள் முழுசாக வந்து நின்றது. அதைச் சொன்னால் அவன் என்னுடைய கூரைக்குக் கீழே இருப்பான். யாரும் ஏற்றிக்கொண்டு போகமாட்டார்கள். ஒரு சொல்தான். பேசாமல் நின்றாலும் காணும். அது எனக்கு ஆக லேசான வேலை.

"போ மோனே" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே கூடிப்போய்க் கேட்டது. "எனக்கு உன்னைக் காக்க ஏலாது. நான் சொல்லுறன், போ."

கணவர் "என்ன சொல்லுறீர்?" என்று என் தோளைப் பிடித்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. போனுக்குள் இருந்த பிள்ளை அதை இங்கிலிஸில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தாள். அவளுடைய குரலும் சரியில்லை.

ஒரு பையில் அவனுடைய உடுப்பு, துவாய், பல்லுத் தூரிகை வைத்தேன். நேர்ஸின் கார் சின்னக் கார், வெள்ளை. வாகனம் என்று நான் மனத்தில் வைத்திருந்ததோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கதவு சாத்துகிற சத்தம் ஒன்றுதான். மழை தூறியது. அவன் பின் கதிரையில் இருந்து பெல்ட்டை இழுத்துத் தானே போட்டான். அந்தக் கிளிக் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கையைத்தான் கண்டேன். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினானா, கண்ணாடியைத் துடைத்தானா தெரியவில்லை.

இதை எழுதும்போது அவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். மகள் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். நான் பஸ் எடுத்துப் போகிறேன். சில நாள் கதைக்கிறான். சில நாள் அங்கேயும் சுவரைப் பார்த்து முதுகுதான். மருந்து மாற்றுகிறார்களாம். வாற மாதம் தெரியும் என்கிறார்கள், போன மாதமும் அப்படித்தான் சொன்னார்கள். கணவர் என்னோடு முந்தி மாதிரி நக்கலடிப்பதில்லை. "நீர் சொல்லியிருக்கக்கூடாது" என்று ஒருநாள் சொன்னார், பிறகு அன்றைக்கே "வேறை என்னத்தைச் சொல்லுறது" என்றும் சொன்னார்.

நான் முதுகுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறேன். முந்தி என்றால் பேசாமல் இருந்துவிட்டு வந்திருப்பேன். இப்போது கதைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் ஆட்கள். என்ன கதைப்பது என்று தெரியாமல், எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். புட்டுக்கு வாழைப்பழம் பிடிக்காது, நாற்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். மகள் வாங்கித் தந்த பச்சை ஸ்வெட்டர் பிடிக்காது. நீ கட்டின மனுசியை எனக்குப் பிடிக்கும். அதைச் சொன்ன அன்றைக்கு முதுகு அசைந்தது. அழுதானோ தெரியாது. நேரம் முடிந்தது என்று வந்து சொன்னார்கள், எழும்பி வந்துவிட்டேன்.